மீஞ்சூர் மணலும் காபித் தூளும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டு வருகிறது. கிழக்கே போகப் போக உப்பங்கழிகளும் மீனவ ஊர்களும், அவற்றுக்கு வடக்கே பழவேற்காடு ஏரியும். தரைக்கு மேலே தெரிவது வயலும் கழியும். தரைக்குக் கீழே இருப்பது ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல். அந்த மணலில் தேங்கிய நன்னீரைப் பாசனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்னையின் குடிநீருக்கும் இறைத்தோம். இறைத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை. நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் நுழைந்தது. 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

மணலுக்குள் நீர் என்ன வேகத்தில் நகரும் என்பதற்கு 1856இல் விடை சொன்னவர் ஹென்றி டார்சி. பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். நெடிய குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரை விட்டு, கீழே வருவதை அளந்தார். நீரின் அழுத்த உயரம் கூடினால் ஓட்டம் கூடுகிறது. மணல் படுகையின் நீளம் கூடினால் ஓட்டம் குறைகிறது. மிச்சமெல்லாம் மணலின் தன்மை. மீஞ்சூரில் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கணக்கிடும் நீரியல் அறிஞர்கள் இன்றும் டார்சியின் விதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த ஊர்களில் ஒரு வீட்டு அடுப்படியில் ஃபில்டரின் மேல் அடுக்கில் கொதிநீரை ஊற்றும்போது நடப்பதும் இதே விதிப்படிதான். நீரின் உயரம் நாலைந்து விரல்கடை. படுகையின் ஆழம் ஒன்றிரண்டு விரல்கடை. இவை இரண்டும் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தூளின் தன்மை. காபி அரைக்கும் கை மிஷினை வாங்கும்போது நாம் விலை கொடுப்பது அந்தத் தன்மைக்குத்தான். உடம்பு பித்தளையா, மரமா, அலுமினியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தன்மை என்றால் என்ன? டார்சிக்குப் பின் 1927இல் கோசெனியும் 1937இல் கார்மனும் அதைத் துகளின் அளவோடு இணைத்தார்கள். ஒரே சீரான துகள்களால் ஆன படுகையில் நீரோட்டம் துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். துகள் பாதி அளவானால் ஓட்டம் கால் பங்காகிவிடும். அரை மி.மீ. துகளில் கால் மணி நேரத்தில் இறங்கும் டிகாக்ஷன், கால் மி.மீ. துகளில் ஒரு மணி நேரம் எடுக்கும். இது காகிதக் கணக்கு. அடுப்படியில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் எந்த மிஷினும் ஒரே அளவுத் துகளைத் தருவதில்லை. பெரிய துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சின்னத் துகள்கள் போய் அடைகின்றன. நீர் செல்ல வழி இல்லாமல் போகிறது. அவற்றில் ஒரு பகுதி நீரோடு இறங்கி ஃபில்டரின் கண்களை அடைக்கிறது, இன்னொரு பகுதி கண்களைத் தாண்டிக் கீழ் அடுக்கில் மண்டியாகத் தங்குகிறது. ஃபில்டரைத் தட்டித் தட்டி டிகாக்ஷன் இறக்கியவர்கள் எல்லோரும் இந்தத் தூசியோடு போராடியவர்களே.

சுவைக்கும் இதில் பங்கு உண்டு. வறுத்த காபிக்கொட்டையின் எடையில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 விழுக்காடு. அவ்வளவையும் கரைத்தெடுத்தால் குடிக்க முடியாது. அமெரிக்காவில் 1950களில் காபி இறக்கும் முறைகளை ஆராய்ந்த வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட், தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று கண்டார். அந்த அளவு பாலில்லாத, நீர்த்த காபிக்குச் சொன்னது. நம் கெட்டி டிகாக்ஷனுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் அதன் பின்னுள்ள வேதியியல் பொருந்தும். புளிப்பான சேர்மங்கள் முதலில் கரைகின்றன, இனிப்பும் வறுத்த மணமும் அடுத்து, கசப்பும் துவர்ப்பும் கடைசியில். தூசித் துகள் சில விநாடிகளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கசப்பைக் கக்கத் தொடங்கும்போது, பெரிய நொய்யின் நடுப்பகுதி இன்னும் நனைந்தே இருக்காது. ஒரே தம்ளரில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்குக் கொட்டையைக் குறை சொல்லும் முன் தூளைப் பார்க்க வேண்டும்.

ஆகவே எவ்வளவு நைஸாக அரைக்கிறது என்று கேட்டு மிஷின் வாங்குவது தவறான கேள்வியோடு கடைக்குப் போவது. எவ்வளவு சீராக அரைக்கிறது என்பதே கேள்வி.

பச்சைக் கொட்டையில் 10, 12 விழுக்காடு இருந்த ஈரம் வறுத்தபின் இரண்டு மூன்று விழுக்காடாக இறங்குகிறது, கொட்டை உப்பி நொறுங்கும் தன்மை அடைகிறது. நொறுங்கும் பொருள் கண்ணாடி மாதிரிப் பல அளவுகளில் சிதறும். காபியின் ஒவ்வொரு உயிரணுவும் சில பத்து மைக்ரான் அகலம். விரிசல் ஓடும் பாதையில் உயிரணுச் சுவர்கள் பிய்ந்து அதே அளவிலான சிம்புகள் உதிர்கின்றன. அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷினிலும் தூசி உண்டு. அரைத்த தூளை லேசர் கருவியில் அளந்து வரைந்தால் இரண்டு மேடுகள் எழும்: நாம் கேட்ட அளவில் ஒரு பெரிய மேடு, 100 மைக்ரானுக்குக் கீழே ஒரு சின்ன மேடு. முதல் மேடு ஒடுங்கியும் இரண்டாவது மேடு தாழ்ந்தும் இருந்தால் நல்ல மிஷின்.

மிக்ஸி இதில் தோற்றுவிடுகிறது. அதன் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றி, கைக்கு எட்டியதையெல்லாம் வெட்டுகிறது. அடியில் விழுந்தது பத்து முறை வெட்டுப்படும், மேலே மிதந்தது ஒருமுறைதான். அளவைத் தீர்மானிக்க அங்கே எந்த இடைவெளியும் இல்லை. இட்லிக்கும் சட்னிக்கும் அது பெரிய உதவி. காபிக்கு வேறு இயந்திரம் வேண்டும்.

அந்த இயந்திரத்தின் அடிப்படை தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானது. உளுந்தும் பயறும் உடைத்த திருகையில் இரண்டு கற்கள், நடுவில் ஒரு முளை. மேல்கல் சுற்றும், கீழ்க்கல் நிற்கும். இடையிலுள்ள சந்தைவிடப் பெரியது எதுவும் வெளியே வர முடியாது. கை மிஷினில் கல்லுக்குப் பதில் பல் வெட்டிய இரும்போ பீங்கானோ. சுற்றுவது ஒரு கூம்பு, நிற்பது அதைச் சூழ்ந்த வளையம். மேலே அகலமான பற்கள் கொட்டையைக் கடித்து உடைக்கும், கீழே போகப் போகப் பற்கள் நெருங்கித் துண்டுகளைச் செதுக்கும். முளை ஆடினால் திருகையில் பயறு பாதி முழுசாகவும் பாதி மாவாகவும் விழும். கை மிஷினின் தலைவிதியும் அந்த முளையில்தான் இருக்கிறது. அதை விரிவாகச் சொல்லும் முன் கொஞ்சம் வரலாறு.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அதுதான். அங்கிருந்து கப்பல் ஏறியது துணி. காபியில் அந்த ஊருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆனால் அதே டச்சுக் கம்பெனிதான் 1696இலும், முதலில் அனுப்பியவை வெள்ளத்தில் அழிந்தபின் 1699இலும், மலபார்க் கரையிலிருந்து காபிக் கன்றுகளை ஜாவாவுக்குக் கொண்டுபோய் நட்டது. உலகக் காபி வணிகம் அரேபியாவின் பிடியிலிருந்து விலகிய கதையில் அது பெரிய திருப்பம். குடிக்கும் பழக்கம் தமிழ் வீடுகளுக்குள் வந்தது மிகப் பின்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது எவ்வளவு சண்டைக்கிடையில் வந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். காபி வந்த வீடுகளில் பச்சைக் கொட்டையும் வந்தது, வறுக்கும் உருளையும் வந்தது, பலகையிலோ மேஜை விளிம்பிலோ முடுக்கிவைத்த வார்ப்பிரும்பு மிஷினும் வந்தது. பிரான்சில் பெஜோ நிறுவனம் 1840லிருந்தும் ஜெர்மனியில் சாசன்ஹவுஸ் 1867லிருந்தும் இப்படிப்பட்ட அரைவைகளைச் செய்து விற்றன. பிறகு தெருமுனையில் காபித்தூள் கடை வந்ததும், பீபெரி பாதி பிளான்டேஷன் பாதி என்று சொல்லி அரைத்து வாங்குவது எளிதானதும், வீட்டு மிஷின்கள் பரணுக்குப் போயின. இப்போது கையடக்க உருளை வடிவில் அவை திரும்பி வந்திருக்கின்றன. ஜப்பானின் ஹாரியோ, போர்லெக்ஸ், ஜெர்மனியின் கமாண்டான்டே, தைவானின் ஒன்இசட்பிரெஸ்ஸோ, சீனாவின் டைம்மோர் என்று பெயர்களுக்குக் குறைவில்லை.

பெயர்களை விட்டுவிட்டு முளைக்கு, அதாவது அச்சுக்கு வருவோம். நாம் வேண்டும் இடைவெளி அரை மி.மீ. என்று வையுங்கள். கைப்பிடியை ஒரு பக்கமாக அழுத்திச் சுற்றும்போது அச்சு கால் மி.மீ. சாய்ந்தால், ஒரு பக்கம் முக்கால் மி.மீ. நொய்யும் எதிர்ப்பக்கம் கால் மி.மீ. மாவும் விழும். ஒரே சுற்றில் இரண்டு வகைத் தூள். மலிவான மிஷின்களில் அச்சு ஒரு பிளாஸ்டிக் துளைக்குள் சும்மா நின்று சுற்றுகிறது. நல்லவற்றில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பால்பேரிங்குகள் அதைப் பிடித்திருக்கும். வெளி வளையமும் உடம்போடு அசையாமல் பொருந்தியிருக்கும். நைஸாக அரைக்கும்போது கிட்டத்தட்ட எல்லா மிஷினும் பரவாயில்லாமல் வேலை செய்யும், ஏனென்றால் பற்கள் நெருங்கி ஒன்றையொன்று தாங்குகின்றன. கொஞ்சம் பருமனாக வைத்து அரைத்தால்தான் அச்சின் யோக்கியதை தெரியும். ஃபில்டருக்கு வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு. சர்க்கரையைவிடச் சன்னம், கடையில் விற்கும் மைதாவைவிட நன்றாகப் பருமன்.

அளவை மாற்றும் திருகையும் பார்க்க வேண்டும். திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 0.75 மி.மீ. ஏறி, அந்தச் சுற்றில் 30 கிளிக் இருந்தால், ஒரு கிளிக் என்பது 25 மைக்ரான் ஏற்றம். கூம்பின் சரிவால் பற்களுக்கிடையே உண்மையில் மாறும் இடைவெளி அதைவிடக் குறைவு. ஃபில்டர் காபிக்கு இந்த நுணுக்கம் தாராளம். இதைவிட நுணுக்கமான திருகுக்குக் கூடுதல் பணம் கேட்பது எஸ்பிரெஸ்ஸோ குடிப்பவர்களிடம். ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் நீரைத் தள்ளும் அவர்களுக்கு ஒவ்வொரு கிளிக்கும் முக்கியம். நமக்கு ஈர்ப்பு விசை மட்டும்.

கைப்பிடி ஒரு நெம்புகோல். அதன் நீளம் 15 செ.மீ., கூம்பின் விட்டம் 38 மி.மீ. என்றால், நீங்கள் கொடுக்கும் விசை பல்லின் விளிம்பில் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. விட்டம் 48 மி.மீ. என்றால் ஆறு மடங்கு சொச்சம். பெரிய பல் ஒரு சுற்றில் அதிகம் அரைக்கும், ஆனால் கை அதிகம் உழைக்க வேண்டும். இளம்பதமாக வறுத்த கொட்டை கெட்டி, கருக வறுத்தது எளிதில் உடையும். நம் ஊர்க் காபிக்கு வழக்கமாக நன்றாகவே வறுக்கிறார்கள் என்பதால் 38 மி.மீ. பல்லில் 20 கிராம் அரைக்க ஒரு நிமிடம் அளவில் போதும். சிறிய பீங்கான் பல் மிஷின்களில் அது இரண்டு மூன்று மடங்கு ஆகும். முழங்கை வலி உள்ளவர்களும் வயதானவர்களும் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இரும்பா பீங்கானா என்ற கேள்விக்கு ஊரைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். மலைப்பக்கம் ஏற்காட்டில் இருப்பவருக்குச் சொல்லும் பதிலை ஏரிக்கரையில் இருப்பவருக்குச் சொல்லக்கூடாது. துருப்பிடிக்காத இரும்பு என்று நாம் சொல்வது, அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே மிக மெல்லிய ஒரு படலம் போட்டுக்கொள்வதால் துருவைத் தடுப்பது. பாத்திரங்களுக்கான 304 வகையில் குரோமியம் 18 விழுக்காடு. ஆனால் அது பல் வெட்டப் போதிய கடினம் உடையதில்லை. அரைக்கும் பற்களுக்குப் பெரும்பாலும் 420 மாதிரியான கடினமான வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். அதில் குரோமியம் 13 விழுக்காடு அளவில்தான். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கிறது. துளைக்குள் ஈரம் தங்குகிறது, துளை ஆழமாகிறது. வலைப்படகின் ஆணியையும் சைக்கிள் சங்கிலியையும் கடலோரத்தில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு மிஷினுக்கு அந்தப் படலமும் கிடையாது. கழுவி வைத்தால் மறுநாளே சிவந்துவிடும். பரணிலிருந்து பழைய வார்ப்பிரும்பு மிஷினை இறக்கி மறுபடி ஓட்ட ஆசைப்படும் கடலோர வீடுகளுக்கு என் பதில்: அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீங்கானுக்குத் துரு என்பதே இல்லை. அலுமினியம் ஆக்சைடு போன்ற பீங்கான்கள் எஃகைவிடக் கடினமானவை. நெடுநாள் தேயாது. ஆனால் அதன் விளிம்பை எஃகு அளவுக்குக் கூர்மையாக வெட்ட முடியாது. அது கொட்டையைச் செதுக்குவதைவிட நசுக்குகிறது, நசுக்கினால் தூசி கூடும். கொட்டையோடு ஒரு சின்னக் கல் வந்துவிட்டால் பல் சில்லுப்போகும். பீங்கான் பல் வைத்த விலை மலிவான மிஷின்களில் அச்சும் தளர்வாகவே இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அது பீங்கானின் குற்றமில்லை. ஆனால் வாங்குபவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. எனவே கடலோரத்திலும் என் பரிந்துரை எஃகுப் பல்தான், ஒரு கண்டிப்போடு: தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கழுவாமல் மனம் கேட்காது என்பவர்கள் பீங்கானுக்குப் போகலாம்.

உலர்ந்த கொட்டையை அரைக்கும்போது தூள் மிஷின் சுவரில் ஒட்டிக்கொண்டு சிதறும். உராய்விலும் உடைதலிலும் எழும் நிலைமின்னூட்டம் அதற்குக் காரணம். அமெரிக்காவின் ஒரிகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டைக்குள் இருக்கும் ஈரமே இந்த மின்னூட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றும், அரைக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் மின்னூட்டமும் கட்டிபிடிப்பதும் குறைகின்றன என்றும் காட்டினார்கள். ஸ்பூன் காம்பை நனைத்துக் கொட்டையைக் கிளறினாலே போதும். மழைக்காலத்து ஏரிக்கரையில் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம், காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அதே ஈரக்காற்று திறந்துவைத்த தூளை ஒரே நாளில் கட்டிபிடிக்கச் செய்துவிடும். அரைத்த தூளின் பரப்பு கொட்டையின் பரப்பைவிடப் பல மடங்கு. 6 மி.மீ. கனசதுரத்தை அரை மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 12 மடங்காகும். மணம் வெளியேறவும் ஈரம் நுழையவும் அத்தனை வாசல்கள் திறக்கின்றன. ஈரமான கடற்கரை ஊர்களில் கொட்டையாக வாங்கி அன்றன்று அரைப்பதற்கு மற்ற எந்த ஊரையும்விட அதிகக் காரணம் இருக்கிறது.

சிக்கரி போடுகிறவர்கள் அதைக் கை மிஷினில் அரைக்க வேண்டாம். தூளாகவே வாங்கி, அரைத்த காபியோடு கலந்துகொள்ளுங்கள். சிக்கரி வேரில் இனுலின் என்ற சர்க்கரைத் தொடர் நிறைய உண்டு. வறுத்த சிக்கரி நீரில் எளிதில் கரைந்து டிகாக்ஷனுக்குக் கெட்டியான நிறம் தருகிறது, படுகையை மிருதுவாக்கி ஓட்டத்தையும் தடுக்கிறது. சிக்கரி கலக்கும்போது காபியை ஒன்றிரண்டு கிளிக் பருமனாக அரைத்தால் கணக்கு நேராகும். கடைத் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 வரை சிக்கரி இருக்கலாம். வீட்டில் அரைத்தால் அந்த விகிதம் உங்கள் கையில்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சென்னைக்கு. உப்பு ஏறிய கிணற்று நீரில் குளோரைடு நாக்கில் கரிக்கும், பைகார்பனேட் காபியின் புளிப்பை அடித்து மொண்ணையாக்கும். அந்த நீரில் டிகாக்ஷன் போட்டுவிட்டு மிஷினை மாற்றிப் பயனில்லை. சமைக்க எடுக்கும் நல்ல தண்ணீரையே காபிக்கும் எடுங்கள்.

இனி கடைக்குப் போகலாம். கைப்பிடியைக் கழற்றி, அச்சின் நுனியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் வேண்டாம். கொட்டை போடாமல் சுற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் உரசும் சத்தம் கேட்டால் வளையம் கோணல். வாங்கி வந்தபின் நடு அளவில் ஒரு பிடி அரைத்து வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்புங்கள். மாவும் முழு நொய்யும் கலந்து கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாளுக்கு நாள் ஃபில்டர் இறங்கும் நேரத்தைக் கவனித்து, சீக்கிரம் இறங்கித் தண்ணியாக வந்தால் ஒரு கிளிக் நெருக்குங்கள், அடைத்து நின்றால் ஒரு கிளிக் தளர்த்துங்கள். மேல் அடுக்கில் தூளின் மேல் வைக்கும் குடையை அழுத்திச் சாத்தாதீர்கள். அது நீர் கொட்டும் வேகத்தில் தூள் கலையாமல் காக்கத்தான் இருக்கிறது, அழுத்தினால் சந்துகள் மூடிவிடும்.

ஒன்றிரண்டு பேர் காபி குடிக்கும் வீட்டுக்கு, இரண்டு பேரிங் வைத்த, 38 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட எஃகுக் கூம்புள்ள மிஷின் போதும். அதற்கு மேல் விலையேறும்போது கிடைக்கும் பலன் எஸ்பிரெஸ்ஸோக்காரர்களுக்கு. ஐந்தாறு பேர் விடியற்காலையில் ஒன்றாகக் காபி கேட்கும் வீட்டில் 20, 30 கிராம் மட்டுமே கொள்ளும் இந்த மிஷினை இரண்டு மூன்று முறை நிரப்பிச் சுற்ற யாரோ ஒருவர், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண், தினமும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்குக் கை மிஷின் வேண்டாம். பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ கண் முன்னால் அரைத்துத் தரும் கடையில், ஃபில்டருக்கு என்று சொல்லி, ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் வாங்காமல், இறுக மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.